சுருள் முடியும் அடுப்படி வேதியியலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவி)

முன்னுரை

பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அன்றி மலரும் நறுநெய்யும் சேர்வதால் வருவதா என்று பாண்டிய மன்னனுக்கு ஓர் ஐயம் எழுந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும். அந்த ஐயத்தால் தருமிக்குப் பொற்கிழி கிடைத்தது. நக்கீரருக்கோ நெற்றிக்கண்ணின் வெம்மை கிடைத்தது. மணத்தைப் பற்றிய வழக்கைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கே விட்டுவிடுவோம். அறிவியல் பயிலும் நமக்கு வேறொரு கேள்வி உண்டு. கூந்தலுக்குச் சுருள் எங்கிருந்து வருகிறது? விலையுயர்ந்த களிம்புகள் இன்றி, நம் அடுப்படிப் பொருள்களைக் கொண்டே அச்சுருளை அழகுறப் பேண முடியுமா? இவ்விரண்டுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஒப்பனைச் செய்தி அன்று. நம் கல்லூரியிலேயே சுருள் முடி உடையோர் பலர் இருக்கிறோம். பள்ளியில் ‘பரட்டை’ என்ற பட்டப்பெயரைச் சுமக்காதவர் நம்மில் குறைவு. படிய எண்ணெய் தடவி, இறுகப் பின்னி, ஒரு மயிரிழையும் வெளியே தெரியாமல் வாழக் கற்றுக்கொண்டவர்கள் நாம். வயது வந்ததும் ‘முடியை நேராக்கிக்கொள், நன்றாக இருக்கும்’ என்ற அறிவுரை வருகிறது. திருமணப் பேச்சு எழுந்தால் அது வற்புறுத்தலாகவே மாறிவிடுகிறது. இதற்காகும் செலவோ ஆயிரக்கணக்கில். கூலி வேலை செய்யும் வீட்டில் அது ஒரு மாத வருமானத்தில் பெரும்பகுதி.

பணம் போனால் சம்பாதிக்கலாம், உடல்நலம் போனால்? முடியை நேராக்கும் கலவைகள் சிலவற்றிலிருந்து, சூடான இரும்பு படும்போது, ஃபார்மால்டிஹைடு வளி வெளிப்படுகிறது. இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலக் களிம்புகளும் குற்றமற்றவை அல்ல. அவற்றைப் பயன்படுத்தியோருள் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதாக 2024-இல் மருத்துவ இதழ்களில் செய்தி வெளியானது. ஆகவே ஒருவர் தம் முடியை நேராக்க முடிவு செய்யுமுன், அது ஏன் சுருள்கிறது என்றாவது அறிந்துகொள்வது நல்லது.

முடியின் அமைப்பு

ஒரு மயிரிழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் கண்டால் பகுதிகள் தெளிவாகத் தெரியும். வெளியே, கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்த மேலுறை. அதனுள்ளே முடிக்கு வலிமை தரும் புறணி. தடித்த முடியாயின் நடுவில் மெல்லிய அகணியும் காணப்படும். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். நம் நகமும் ஆட்டின் உரோமமும் மாட்டுக் கொம்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி என்னும் அறிஞர் ஆட்டு உரோமத்தையும் முடியையும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். இழுக்கப்படாத இழை ஒரு வகைப் படத்தையும், ஈரத்துடன் இழுக்கப்பட்ட இழை வேறு வகைப் படத்தையும் தருவதைக் கண்டார். புரதச் சங்கிலி மடங்கிக் கிடக்கிறது, இழுத்தால் விரிகிறது என்பது இதனால் புலனாயிற்று. அம்மடிப்பு ஒரு திருகுசுருள் வடிவம் என்பதை 1951-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் விளக்கினர். ஆக, நேராகத் தோன்றும் முடிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சுருள் உண்டு. பரட்டை என்று பிறரை நகைப்போர் இதனை நினைவிற் கொள்க.

இப்புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, இரு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் டைசல்ஃபைடு பிணைப்பு. இது வலுவானது, தண்ணீருக்கு அசையாது. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே மெலிந்தது, எண்ணிக்கையில் மிகுந்தது. தண்ணீர் பட்டால் அறுந்து, உலர்ந்தால் மீண்டும் சேரும். முதலாவதைக் கல்யாண உறவு என்றால், இரண்டாவதைப் பேருந்துச் சிநேகம் எனலாம்.

சுருள் ஏன் உண்டாகிறது?

முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வளரும். குழியே வளைந்திருந்தால் முடியும் வளைந்து வெளிவரும். நேர் முடியின் குறுக்கு வெட்டு ஏறத்தாழ வட்டமாகவும், சுருள் முடியினுடையது நீள்வட்டமாகவும் இருக்கும். மேலும் சுருள் முடியின் புறணியில் இருபக்கமும் ஒரே தன்மையாக அமைவதில்லை. இவ்வடிவம் குழிக்குள்ளேயே கந்தகப் பிணைப்புகளால் உறுதிப்பட்டு விடுகிறது. சீவுவதாலோ எண்ணெயாலோ அதை மாற்ற இயலாது என்பதற்குக் காரணம் இதுவே.

இயற்கை இதை வீணாகப் படைக்கவில்லை. டீனா லசிசி, நீனா ஜப்லான்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள், வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மைக்கு நேர் முடி, சுருள் முடி, நெருங்கிய சுருள் முடி எனப் பொய்முடிகளை மாட்டி விளக்கொளியைப் பாய்ச்சி அளந்தனர். வெயிலின் வெப்பம் தலையை அடையாமல் மிகுதியாகத் தடுத்தது நெருங்கிய சுருள் முடியே என்று 2023-இல் அறிவித்தனர். சுருள்களுக்கிடையே தங்கும் காற்று, தலைக்கு மேல் வேய்ந்த கீற்றுப் பந்தல் போன்றது.

எனினும் சுருள் முடிக்கு ஒரு குறை உண்டு. தலைத்தோலில் சுரக்கும் நெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கும். சுருள் முடியில் வளைவு தோறும் நின்றுவிடும். எனவே நுனி வறளும். வளைவுகளில் மேலுறைச் செதில்கள் எளிதில் தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கலைக்கும். இழைகள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியே சிலிர்த்து நிற்கும். இதைத்தான் நாம் பரட்டை என்கிறோம். பரட்டை என்பது முடியின் குணம் அன்று, அதன் தாகம்.

நீங்களே செய்து பாருங்கள்

சீப்பில் உதிர்ந்த நேர் முடி ஒன்றை எடுத்து நனைத்துப் பென்சிலில் சுற்றுங்கள். முனைகளை நூலால் கட்டி ஒரு நாள் உலரவிட்டு அவிழ்த்தால் அது சுருண்டிருக்கும். தண்ணீரில் போட்டால் மீண்டும் பழைய வடிவத்துக்கே திரும்பும். இப்போது சுருள் முடி ஒன்றை நனைத்து, நேராக இழுத்து ஒட்டி உலரவிடுங்கள். எடுத்தால் நேராக இருக்கும். நனைத்தால் மீண்டும் சுருளும். உலரும்போது உண்டான வடிவம் ஹைட்ரஜன் பிணைப்பு தந்தது. நனைந்ததும் திரும்பி வரும் வடிவம் கந்தகப் பிணைப்பு தந்தது. ஒரு பென்சிலும் ஒரு கிண்ணம் நீரும் கொண்டு செய்யக்கூடிய இச்சோதனையில் இக்கட்டுரை முழுவதும் அடங்கியுள்ளது.

கஞ்சியும் கூழும்

என் பெற்றோர் துணி வெளுத்து இஸ்திரி போடும் தொழில் செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நானே முதல். முதலாண்டில் ஹைட்ரஜன் பிணைப்பைப் பேராசிரியர் விளக்கியபோது, அது எங்கள் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் நடக்கும் வேலை என்பது எனக்கு விளங்கியது. அதனால் கூந்தல் கூழின் தத்துவத்தை அத்தொழிலைக் கொண்டே விளக்குகிறேன்.

பருத்தி வேட்டிக்குக் கஞ்சி போடுவதைப் பாருங்கள். ஜவ்வரிசியோ மைதாவோ கொதித்துக் கூழாகிறது. அந்த மாவுப்பொருளின் நீண்ட சங்கிலிகள் நீரில் விரிந்து, நனைந்த நூலைச் சுற்றிக்கொள்கின்றன. உலரும்போது நீர் போய்விட, மாவுச்சங்கிலிக்கும் பருத்தி இழைக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகி, மெல்லிய படலம் நூல்களை ஒன்றாக நிறுத்துகிறது. வேட்டி விறைக்கிறது. இஸ்திரி போடுமுன் தண்ணீர் தெளிப்பது எதற்கு? பழைய பிணைப்புகளை அவிழ்ப்பதற்கு. சூட்டில் நீர் ஆவியாகும்போது புதிய வடிவில் அவை பிணைகின்றன.

சுருள் முடிக்கான கூழும் இதையே செய்கிறது. நனைந்த முடியில் தடவினால் இழைகளைச் சுருள் சுருளாகக் கூட்டிச் சேர்த்து, உலரும்போது படலமாகி அவ்வடிவைக் காக்கிறது. கஞ்சி தடித்தால் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு விழும் என்று என் தாயார் எச்சரிப்பார். கூழ் தடித்தால் முடியிலும் அதே வெள்ளைத் தூள் உதிரும். கஞ்சித் துணியை உதறிக் கசக்கினால் விறைப்புக் குறைவதுபோல, உலர்ந்த சுருள்களை உள்ளங்கையால் மெல்லக் கசக்கினால் விறைப்பு நீங்கி மென்மை வரும். பள்ளிக்குச் செல்லாத என் தாயார் இந்த வேதியியலைச் சமன்பாடு இல்லாமலே அறிந்திருந்தார்.

கடையில் விற்கும் களிம்பிலும் தத்துவம் இதுதான். அங்கே செயற்கைப் பலபடிச் சேர்மம். இங்கே விதையும் காயும் தரும் கொழகொழப்பு.

செய்முறைகள்

1. ஆளி விதைக் கூழ். ஆளி விதையின் தோலில் பலசர்க்கரைச் சேர்மங்கள் உள்ளன. வெந்நீரில் அவை கரைந்து வெளிவரும். 4 மேசைக்கரண்டி விதையை 2 டம்ளர் (400 மி.லி.) நீரில் இட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்கவும். 7 முதல் 10 நிமிடங்களில் நீர் தடிக்கும். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கருபோல் இழையாக வழிய வேண்டும், அதுவே பதம். உடனே இறக்கிப் பழைய மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டவும். ஆறவிட்டால் வடிகட்டவே முடியாது. துணியைக் கரண்டியால் அழுத்திப் பிழியலாம். கை சுட்டுக்கொள்ள வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் விதை கிடைக்கும். ஒரு முறைக்கு ஆகும் செலவு பத்து ரூபாய்க்குள் அடங்கும். வடிவைக் காக்கும் ஆற்றலில் நம் கூழ்களுள் இதற்கே முதலிடம்.

2. வெண்டைக்காய்க் கூழ். பிஞ்சான 8 காய்களை வட்டமாக நறுக்கி 2 டம்ளர் நீரில் 10 முதல் 15 நிமிடங்கள் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டவும். இது ஆளிக் கூழைவிட நெகிழ்வானது, முடியை மென்மையாக்கும். வெண்டைக்காய் வதக்கும்போது கொழகொழப்புப் போகச் சிறிது புளித்தண்ணீரோ மோரோ தெளிப்பார்கள் அல்லவா? அமிலம் அக்கூழின் தடிமனைக் குறைக்கிறது. ஆதலால் இதில் எலுமிச்சைச் சாறு சேர்க்கக் கூடாது. சமையலில் வேண்டாததாக இருப்பது இங்கே வேண்டியதாகிறது.

3. வெந்தயக் கூழ். 2 மேசைக்கரண்டி வெந்தயத்தை ஒரு டம்ளர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்தால் நீர் தடிக்கும். வெந்தயத்திலுள்ள காலக்டோமன்னன் என்ற பொருளே காரணம். அந்நீரை மட்டும் வடித்துக்கொள்வது நலம். அரைத்துப் பூசினால் துணுக்குகள் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. செம்பருத்தி இலையை நீரில் கசக்கினாலும் இத்தகைய கொழகொழப்பு வரும். அதைத் தேய்த்துக் குளிப்பதற்குப் பயன்படுத்துவது நம் ஊர்ப் பழைய வழக்கம்.

4. சோற்றுக் கற்றாழை. மடலை வெட்டியதும் மஞ்சள் நிறப் பால் கசியும். அது தோலை உறுத்தும். மடலை 15 நிமிடம் நிமிர்த்தி வைத்து அப்பாலை வடியவிட்டு, கழுவி, தோல் சீவி, உள்ளிருக்கும் சோற்றை அடித்து வடிகட்டவும். இதில் பெரும்பகுதி நீரே. ஆகவே தனியாகப் பூசினால் சுருள் நெடுநேரம் நிற்காது. ஆளிக் கூழோடு சரிபாதி கலந்தால் நன்றாக அமையும்.

கிளிசரின் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பர். அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும் பொருள். பனிக்காலத்தில் ஒரு டம்ளர் கூழுக்குச் சில துளிகள் நன்மை செய்யும். ஆனால் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் புழுக்கமான நாளில் அதிகம் சேர்த்தால், ஈரத்தை இழுத்து முடியைச் சிலிர்க்கவைத்துவிடும். வேதியியலிலும் இடம், பொருள், ஏவல் அறிய வேண்டும்.

பயன்படுத்தும் முறை

முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவலாம். 2003-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது என்று கண்டது. இதிலுள்ள லாரிக் அமிலத்தின் சங்கிலி சிறியது, நேரானது. முடிக்குள் ஊடுருவ வல்லது.

மறுநாள் சீயக்காயால் அலசலாம். சீயக்காய் சற்றே அமிலத்தன்மை உடையது. துணி சோப்பும் சமையல் சோடாவும் காரமானவை. செதில்களை விரியச் செய்து முடியைச் சொரசொரப்பாக்கும். அவற்றைத் தலையில் தேய்ப்பது ஆகாது.

நீர் சொட்டும் நிலையிலேயே விரல்களாலோ பற்கள் அகன்ற சீப்பாலோ சிக்கு எடுத்து, கூழை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கைக்குள் அள்ளி அமுக்கித் தடவவும். பிறகு ஈரிழைத் துண்டாலோ பழைய பருத்தித் துணியாலோ ஒற்றி எடுக்கவும். பரபரவென்று துவட்டக் கூடாது. முழுதும் உலரும் வரை தொடாதிருத்தல் மிக முக்கியம். இடையில் தொட்டால் உருவாகிவரும் பிணைப்புகள் கலையும். உலர்ந்தபின் உள்ளங்கையில் இரண்டு துளித் தேங்காய் எண்ணெய் தேய்த்து, விறைத்த சுருள்களை மெல்லக் கசக்கிவிட்டால் வேலை முடிந்தது.

எச்சரிக்கைகள்

‘இயற்கைப் பொருள், ஆகவே தீங்கற்றது’ என்ற எண்ணம் தவறு. கூழில் இருப்பது சர்க்கரைச் சேர்மமும் நீரும். நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம். அவ்வசதி இல்லாதோர் அன்றன்றைக்கு வேண்டிய அளவே செய்துகொள்வது நல்லது. புளித்த வாடை வந்தாலும், நீர்த்துப்போனாலும், நிறம் மாறினாலும் கொட்டிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறோ வைட்டமின் ஈ மாத்திரையோ சேர்த்தால் கெடாது என்பர். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுக்கும், நுண்ணுயிரைத் தடுக்காது. சில துளி எலுமிச்சையும் அதற்குப் போதாது.

புதிதாக எதைப் பூசினாலும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ கண்டால் விட்டுவிட வேண்டும். இக்கூழ்கள் நேர் முடியைச் சுருளாக்கா. உதிர்ந்த முடியை முளைக்கச் செய்யா. பொடுகையும் புண்ணையும் ஆற்றா. அவற்றுக்குத் தோல் மருத்துவரே துணை. இவற்றால் ஆவது ஒன்றே: இருக்கும் சுருளை இருக்கும் அழகோடு நிறுத்தி வைத்தல்.

முடிவுரை

கருமுடி, செம்முடி, நேர்முடி, சுருள்முடி எல்லாம் ஒரே கெரட்டினால் ஆனவை. நேர்முடிக்கும் சுருள்முடிக்கும் இடையே குழியின் வளைவே முதன்மையான வேறுபாடு. அந்த வளைவுக்காக ஒருவரை எள்ளுவது, ஆறு வளைந்து ஓடுகிறது என்று அதைக் குறை கூறுவது போன்றது. முடியின் தன்மையைக் காரணங்காட்டி வேலையிலும் பள்ளியிலும் வேற்றுமை காட்டக் கூடாது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டமே இயற்றியது. நம் வகுப்பறைகளில் இதற்குச் சட்டம் தேவையில்லை. பட்டப்பெயர் சூட்டுவோர் ஒரு நாள் வாய்மூடி இருந்தாலே போதும்.

அறிவியல் என்பது ஆய்வகத்தின் கண்ணாடிக் குடுவைக்குள் மட்டும் இல்லை. கஞ்சி காய்ச்சுகின்றவரிடமும், வெண்டைக்காய் வதக்குகின்றவரிடமும், சீயக்காய் இடிக்கின்றவரிடமும் அது பெயரில்லாமல் வாழ்கிறது. அதற்குப் பெயரும் காரணமும் கண்டு அவர்களிடமே திருப்பிச் சொல்வது, முதன்முதலாகப் படிக்க வந்த நம் போன்றோரின் கடமையாகும். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும் தோழியர் ஒரு கைப்பிடி ஆளி விதையை வாங்கிச் செல்லுங்கள். கூழ் காய்ச்சும்போது, அது ஏன் தடிக்கிறது என்பதை அருகில் நிற்கும் அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லுங்கள். நேராக்கும் களிம்புக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு நல்ல புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்.